கருவேப்பிலைக்கு மோர், அரிசி கழுவிய தண்ணீர், ஏர்கான் தண்ணீர்: எதை ஊற்றலாம்?

வாசல்தொட்டி:
சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் 30 செ.மீ. தொட்டி. கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி, பாக்கெட் மண் பாதி. புதுத் துளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகளில் குறை இல்லை. வீட்டில் ஆளுக்கொரு யோசனை: புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர், ஏர்கான் தண்ணீர். மகன் மிச்சமிருக்கும் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தையும் ஊற்றலாமா என்கிறான்.

வேர்க்கால்:
துளிரில் இப்படி மஞ்சளித்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. அடி இலையில் வந்திருந்தால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். மோரில் இரும்பு அநேகமாக இல்லை. அதன் புளிப்பு, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் இரும்பைக் கொஞ்சம் கரையவைக்கும், அவ்வளவுதான். கோகோ பீட்டில் இரும்பே குறைவென்றால் மோர் எதைக் கரைக்கும்?

ஆனாலும் முதலில் அடித்துளையைப் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்சள்தான் வரும். துளை சரியாக இருந்தால் நர்சரியில் 'செலேட்டட் அயர்ன்' (வேர் எளிதில் உறிஞ்சும் இரும்புச்சத்து) கேளுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியைக் கரைத்து மாலையில் வேருக்கு ஊற்றுங்கள். மஞ்சளித்த இலை முழுதாகத் தேறாமல் போகலாம். அடுத்த துளிரின் நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

மோர்தான் என்றால் வெண்ணெய் எடுத்தது, உப்பில்லாதது. 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர், வடிகட்டி, 2 வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர். கொழுப்பு இருந்தால் மேல்மண் நாறும், எறும்பு மொய்க்கும்.

பச்சைமிளகாய்:
ஹண்ட்ரட் பிளஸ் வேண்டவே வேண்டாம். சர்க்கரையும் உப்பும் சேர்ந்தது. சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையும் வேரைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொள்ளும். உப்பு கூடினால் மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, செடி வாடும். வாடுகிறதே என்று மறுபடி ஊற்றினால் வேர் அழுகும். பால், சர்க்கரை போட்ட கோப்பியும் இதே ரகம்.

அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, ஆனால் உரம் அல்ல. முதல் கழுவலில் சம அளவு தண்ணீர் கலந்து அன்றே ஊற்றிவிடுங்கள். நாள்கணக்கில் வைத்தால் புளிக்கும், சின்னக் கருப்பு ஈக்கள் வரும். உப்புப் போட்ட கஞ்சி கூடாது.

ஏர்கான் தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. கேடில்லை, சத்துமில்லை. குழாய்த் தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றலாம். ஏர்கானை ரசாயனம் போட்டுக் கழுவிய (கெமிக்கல் வாஷ்) பிறகு சில நாள் பிடிக்காதீர்கள்.

புளோக்வாசி:
பிடித்த தண்ணீரை வாளியில் திறந்து வைக்காதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் கொசுப்புழு கண்டால் அபராதம்.

வாசல்தொட்டி:
நன்றி. மீன் தொட்டித் தண்ணீர்?

பச்சைமிளகாய்:
நன்னீர் மீனென்றால் இருப்பதிலேயே அதுதான் சத்துள்ளது, நைட்ரேட் இருக்கும். வாரம் ஒருமுறை மாற்றும் தண்ணீரை அப்படியே ஊற்றலாம். மீனுக்கு மருந்தோ உப்போ போட்டிருந்தால் சிங்க்கில் கொட்டிவிடுங்கள்.