கையால் செய்த புளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் வரவில்லை: உதவி தேவை

மரவேலைப்பிரியன்:
வணக்கம். கையில் எடுத்துச் செல்லக்கூடிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ஒட்டுப்பலகையில் நானே செய்து முடித்திருக்கிறேன். குரலும் புல்லாங்குழலும் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் முரசு போன்ற தோல் கருவிகளும் பேஸ் கிதாரும் இருக்கும் இடமே தெரியவில்லை. ஈக்வலைசரில் (ஒலியின் தாழ்வு, உயர்வுகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, உயர்த்தினால் கரகரப்புதான் கூடுகிறது. வார இறுதிக்குள் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பதால், ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா, ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டுமா என்று மட்டும் சொன்னால் போதும்.

ஈயமுனை:
ஸ்பீக்கர் எத்தனை அங்குலம், எத்தனை ஓம், எந்த ஆம்ப்ளிஃபையர் போர்டு, பெட்டியின் உள்ளளவு என்ன, பின்பக்கம் காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா? இவை தெரியாமல் எதை மாற்றச் சொல்வது? இரண்டு ஸ்பீக்கர்கள் என்றால் இரண்டும் பெட்டியின் ஒரே உள்ளறைக்குள் இருக்கின்றனவா, நடுவே தடுப்பு உண்டா என்பதையும் எழுதுங்கள்.

பழையரேடியோ:
இதே கேள்விக்கு இங்கே நான் பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் அவற்றைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே பெற முடியும் என்பது ஹாஃப்மன் வகுத்த விதி. அதே ஒலியளவில் அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டியிருக்கிறது. சிறிய ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் அசையாது. ஈக்வலைசரில் 10 டெசிபல் உயர்த்துவது என்றால் ஆம்ப்ளிஃபையரிடம் 10 மடங்கு வாட் கேட்பதாகும். கரகரப்புக்குக் காரணம் அதுதான். அடிப்படையைக் கற்றுக்கொண்ட பிறகு பெட்டி செய்வதே முறை.

தாழ்சுருதி:
நண்பரே, மனம் தளர வேண்டாம். பாசிவ் ரேடியேட்டர் ஒன்றைப் பின்பலகையில் பொருத்துங்கள். காந்தமும் சுருளும் இல்லாத அந்தக் கூம்பு, பெட்டிக்குள் ஏறி இறங்கும் காற்றழுத்தத்தாலேயே அசைந்து தாழ்ந்த ஒலியைத் தரும். கூம்பின் மேல் சிறிது எடை கூட்டினால் அது இயல்பாக அதிரும் ஒத்திசைவு அதிர்வெண் இன்னும் கீழே இறங்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து நகர்த்தும் காற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை அது நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்து வாங்குங்கள். என் எல்லாப் பெட்டிகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

மரவேலைப்பிரியன்:
விவரங்கள் இதோ. பழைய ஒலிப்பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய 3 அங்குல, 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு. முனைகளில் கூட்டல், கழித்தல் குறி எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் பி.ஏ.எம். 8403 போர்டு. 18650 லித்தியம் பேட்டரி இரண்டை இணையாகச் சேர்த்து, மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறேன். பெட்டியின் உள்ளளவு 30 × 12 × 12 செ.மீ.; நடுவே தடுப்பு இல்லை. பின்பலகையைத் திருகாணியால் முடுக்கியிருக்கிறேன். சுவிட்ச் துளையைச் சுற்றி மட்டும் சிறிது இடைவெளி உண்டு. சோதிக்கும்போது ஒருமுறை வலப்பக்கக் கம்பி கழன்றுவிட்டது. அப்போது ஒலி சற்றுக் குறைந்தாலும் பேஸ் கூடியதுபோல் தோன்றியது, ஆனால் அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஓம்விதி:
பி.ஏ.எம். 8403 என்றால் எனக்கு முதல் சந்தேகம் உள்ளீட்டுக் கெப்பாசிட்டரின் மேல்தான். அது 0.1 மைக்ரோஃபாரடாகவும் அதை அடுத்துள்ள மின்தடை 20 கிலோ ஓமாகவும் இருந்தால், ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸிலிருந்தே கீழுள்ள ஒலி தேயத் தொடங்கிவிடும். கெப்பாசிட்டரை 1 மைக்ரோஃபாரடாக மாற்றினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேஸ் அடிக்கும் கணத்தில் 5 வோல்ட் தாழ்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்தால், போர்டின் மின் உள்ளீட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை முனை மாறாமல் சேருங்கள்.

அலைவரிசை:
யாரும் புளூடூத்தைப் பற்றிப் பேசவில்லையே. மலிவான புளூடூத் தொகுதிகள் பெரும்பாலும் எஸ்.பி.சி. கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை) மட்டுமே ஏற்கும். அதில் ஒலி நசுக்கப்படுகிறது. ஆப்ட்எக்ஸ் என்ற வேறொரு கோடெக் உள்ள தொகுதிக்கு மாறியபோது என் ஸ்பீக்கரில் பேஸ் நன்றாகத் திறந்தது.

ஓம்விதி:
இதை ஏற்க முடியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எஸ்.பி.சி. 8 அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்தால், முதல் பட்டையே சுழியத்திலிருந்து சுமார் 2,750 ஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. நாம் தேடும் பேஸ் முழுவதும் அந்த ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். பிட் குறைவாக ஒதுக்கப்பட்டால் இரைச்சல் கூடலாம், உச்ச ஒலிகளின் மென்மை கெடலாம். பேஸ் மட்டும் தனியாகக் காணாமல் போக வழியில்லை. உங்கள் புதிய தொகுதியின் வெளியீட்டுச் சுற்று வேறாக இருந்திருக்கும்.

அலைவரிசை:
என் காதால் கேட்டதைத்தான் எழுதினேன். சுற்று வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துச் சோதிக்காமல் கோடெக்குக்குப் பங்கே இல்லை என்று சொல்வது அவசரம்.

பழையரேடியோ:
கோடெக் வாதத்தை விடுங்கள். பாசிவ் ரேடியேட்டருக்குச் செலவழிப்பதும் வீண். ஒரு குழாய்த் துண்டில் போர்ட் (பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியே போய்வரும் திறப்பு) வைத்தால் அதே பயன் கிடைக்கும்.

தாழ்சுருதி:
இந்தப் பெட்டியில் கிடைக்காது, ஐயா. உள்ளளவு ஏறத்தாழ 4.3 லிட்டர், பேட்டரியையும் போர்டையும் கழித்து 4 லிட்டர் என்று கொள்வோம். அதை 70 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைக்க 4 செ.மீ. விட்டமுள்ள குழாய் சுமார் 16 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும், ஆனால் பெட்டியின் ஆழமோ 12 செ.மீ. தான். குழாயின் விட்டத்தைக் குறைத்தால் தேவையான நீளம் குறையும், ஆனால் பேஸ் அடிக்கும்போது காற்று சீறும் ஓசை கேட்கும்.

பழையரேடியோ:
முழங்கை வளைவு வைத்துக் குழாயை மடக்கலாம். இதெல்லாம் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஈயமுனை:
போர்ட்டா, ரேடியேட்டரா என்பதைப் பிறகு பார்க்கலாம். கேள்வி கேட்டவர் தந்த விவரத்திலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஸ்பீக்கர் கழன்றபோது பேஸ் கூடியது என்கிறார். முனைகளில் குறியும் இல்லை என்கிறார். நான் இதைப் பிரமை என்று நினைக்கவில்லை. ஒன்றின் முனைகள் மாறியிருந்தால், ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். குரலின் அலைநீளம் குறைவு என்பதால் அது ஓரளவு தப்பித்துக்கொள்ளும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டரைத் தாண்டும். ஒரு சாண் தள்ளியிருக்கும் இரண்டு கூம்புகள் எதிரெதிராக அசைந்தால் அந்த ஒலி ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். அறையும் ஒன்றே என்பதால், உள்ளேயும் காற்று ஒரு கூம்பிலிருந்து மற்றதற்குச் சும்மா போய் வந்துகொண்டிருக்கும்.

சோதனை எளிது. கம்பிகளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனைகளிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு முன்னோக்கித் துள்ளும்போது பேட்டரியின் கூட்டல் பக்கம் எந்த முனையில் இருக்கிறதோ, அதுவே ஸ்பீக்கரின் கூட்டல் முனை. இரண்டிலும் குறி இட்டுக்கொண்டு மீண்டும் இணையுங்கள். இந்த போர்டில் இரு பக்கங்களின் கழித்தல் வெளியீடுகளை ஒன்றாகச் சேர்க்கவோ கிரவுண்டில் கட்டவோ கூடாது. நான்கு கம்பிகளும் தனித்தனியாகவே போக வேண்டும். சுவிட்ச் துளையையும் சிலிகான் கொண்டு அடையுங்கள். பிறகு கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் அது உடனே துள்ளி எழாமல் நிதானமாகத் திரும்ப வேண்டும்.

பழையரேடியோ:
முனைகளைச் சரிபார்ப்பது முதல் பாடம் என்பதால்தான் நான் அதைத் தனியாகக் குறிப்பிடவில்லை.

மரவேலைப்பிரியன்:
பேட்டரியை வைத்துச் சோதித்தேன். ஆம்ப்ளிஃபையரின் கூட்டல் கம்பி இருந்த முனையில் பேட்டரியின் கூட்டல் பக்கத்தை வைத்தபோது இடப்பக்கக் கூம்பு உள்ளே போனது. கம்பிகளை மாற்றி இணைத்ததும் பேஸ் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, ஈயமுனைக்குத் தனி நன்றி.

தாழ்சுருதி:
மிக்க மகிழ்ச்சி. இதன் மேல் ஒரு ரேடியேட்டரும் சேர்ந்தால் இன்னும் ஆழம் கிடைக்கும்; அதற்கும் பெட்டி காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும்.

ஈயமுனை:
சுவிட்ச் துளையை அடைத்தீர்களா? அடைத்த பிறகும் ஒலியை உயர்த்தும்போது கரகரப்பு இருந்தால், பேஸ் அடிக்கும் கணத்தில் 5 வோல்ட் எவ்வளவு தாழ்கிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து எழுதுங்கள்; ஓம்விதி சொன்ன கெப்பாசிட்டர் தேவையா என்பதை அந்த அளவைக் கொண்டு முடிவு செய்யலாம்.