மாதம் ஒரு திருப்பலி நடக்கும் சிற்றாலயத்தை மற்ற நாள்களில் பூட்டி வைக்கலாமா?

கால்வாய்க்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானை ஒட்டிய எங்கள் ஊரில் புனித அந்தோனியார் பெயரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பங்குக் கோயில் தொலைவில் இருப்பதால், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் மட்டும் பங்குத்தந்தை வந்து திருப்பலி நிறைவேற்றுகிறார். எங்கள் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் 14தான். ஆனால் அந்தக் கட்டடம் 14 குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. மந்தையில் இருந்த பழைய சாவடி இடிந்து விழுந்த பிறகு, வெயிலுக்கும் மழைக்கும் நாலு பேர் ஒன்றாக உட்கார வேறு இடம் கிடையாது. களத்தில் நெல் காயும்போது மழை இறங்கினால், யாருடைய மூட்டை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கோயிலுக்குள்தான் தூக்கிப் போடுவோம். செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துப் பெண்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்த எங்கள் ஊர் மருமகள் ஒருவர், இன்றும் மாலை நேரத்தில் முப்பது பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

சென்ற ஆண்டு தரைக்கு டைல்ஸ் பதித்து, வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டோம். அதன் பிறகுதான் பேச்சு மாறியது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பையனின் பேனா உடைந்து பீடத் துணியில் மை சிந்திவிட்டது. உள்ளங்கை அகலக் கறை. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தும் ஓரத்தில் நீலம் நிற்கிறது. மறுநாள் அந்தப் பையனின் தாயார் புதுத் துணி வாங்கிக்கொண்டு வந்து, பீடத்துக்கு அருகில் வரத் தயங்கி, வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். கோயில் குழுவில் சிலர், இனிமேல் திருப்பலிக்கும் செவ்வாய் செபத்துக்கும் தவிர மற்ற நேரத்தில் பூட்டிவிட வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா வாசலோடு திரும்பிப் போனது என் மனத்தை விட்டு அகலவில்லை. உங்கள் ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? திருச்சபையின் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

பழைய உபதேசியார் (மறுமொழி):

ஐயா, முப்பது ஆண்டுகள் கிளைக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1210ஆம் எண்ணைப் பாருங்கள். புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுகிற காரியங்கள் மட்டுமே நடக்கலாம், அந்த இடத்தின் புனிதத்துக்கு ஒவ்வாத எதுவும் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. புனிதத்துக்கு முரண்படாத வேறு பயன்பாடுகளுக்கு, அந்தந்த நேர்வைப் பொறுத்து, மறைமாவட்டப் பொறுப்பாளர் அனுமதி தரலாம் என்றும் அதே எண்ணில் இருக்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டிப் பூட்டுவதும் சரியல்ல, சட்டமே இல்லாததுபோல் நடந்துகொள்வதும் சரியல்ல. பங்குத்தந்தை வழியாக ஒரு விண்ணப்பம் எழுதிக் கேட்பதே முறை.

அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் கவனியுங்கள். உங்கள் நற்கருணைப் பேழையில் நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வைக்கப்பட்டிருக்கிறதா? 934ஆம் எண்ணின்படி, நற்கருணை வைக்கப்படும் இடத்தில் அதற்குப் பொறுப்பான ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கூடுமானவரை மாதத்துக்கு இரண்டு முறையாவது அங்கே திருப்பலி நடைபெற வேண்டும். உங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு முறைதான் என்கிறீர்கள். அப்படியானால் திருப்பலி முடிந்ததும் எஞ்சிய நற்கருணையைப் பங்குத்தந்தை உட்கொண்டுவிட்டோ எடுத்துக்கொண்டோ செல்வதுதான் பொருத்தம். நான் வேலை பார்த்த ஊர்களில் அப்படித்தான் செய்தோம். பேழையைத் திறந்து வெறுமையாகக் காட்டி வைப்போம். நற்கருணை இருப்பதைக் காட்டும் அணையா விளக்கும் எரியாது. அதன் பிறகு பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதைப் பற்றி யாரும் மனக்கலக்கம் அடைந்ததில்லை. பீடத்துக்கு முன்னால் சுவருக்குச் சுவர் கம்பி கட்டி, கனமான திரை ஒன்று போட்டுவிடுங்கள். மை சிந்தினாலும் திரையோடு போகும்.

ஜெபக்கூடத்துப் பிள்ளை (மறுமொழி):

நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். எங்கள் முறை வேறு என்றாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் பணி தொடங்கிய பிறகு, சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் பள்ளிக்கூடமும் ஜெபக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தன. வாரநாளில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவார். என் பாட்டி மணலில் விரல் வைத்து 'அ' எழுதியதும், பிறகு திருமணம் செய்துகொண்டதும் அப்படியொரு கூடத்தில்தான். ஆகவே, கோயிலுக்குள் படிப்பு நடப்பது புதிதாக நேர்ந்த சீர்கேடு என்று குழுவில் யாராவது நினைத்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: துணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அந்த அம்மாவை, அடுத்த திருப்பலியில் அந்தத் துணியைப் பீடத்தில் விரித்த பிறகு, குழுவிலிருந்து இரண்டு பெண்கள் போய் அழைத்து வந்து காட்டினால் நல்லது.

ஊராட்சிப் பக்கம் (மறுமொழி):

இடம் எல்லாருக்கும் பயன்படட்டும்; ஆனால் இரண்டு எல்லைகளைத் தவறாமல் காக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்தை அங்கே நடத்த விடாதீர்கள். மதம் சார்ந்த வளாகத்தில் அக்கூட்டத்தை நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். அதுபோல, 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, வழிபாட்டிடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது; அதற்கு இடம் கொடுக்கிற நிர்வாகியே பதில் சொல்ல வேண்டி வரும். தேர்தல் நேரத்தில் யார் வந்து கேட்டாலும் மறுத்துவிடுங்கள். இடிந்த சாவடியை மீண்டும் கட்டித் தரும்படி அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதையும் விட்டுவிடாதீர்கள்.

கால்வாய்க்கரை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா கேட்ட கேள்வியைப் பங்குத்தந்தையிடம் கேட்டேன். நற்கருணை அங்கே நிரந்தரமாக வைக்கப்படவில்லை என்றும், அது ஊராருக்குத் தெரியாமல் போனது தம் தவறு என்றும் சொன்னார். அனுமதிக் கடிதத்துக்கு அவரே எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. திரை போட எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கம்பிக் கதவை இரவில் மட்டும் பூட்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு சாவிகள் செய்யக் கொடுத்திருக்கிறோம். ஒன்று குழுத் தலைவர் வீட்டில் இருக்கும். மற்றொன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அந்த மருமகளிடம் இருக்கும்.