கார்டியனுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனுப்புபவர்: ஊட்டி, சட்ட உதவித் தன்னார்வலர்

எல்லோருக்கும் வணக்கம். பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொடுக்க ஒரு சட்டக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவை இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கார்டியன் (மைனருக்குச் சட்டப்படி பொறுப்பானவர்), வார்டு (அவர் பொறுப்பில் உள்ள பிள்ளை), கஸ்டடி (பிள்ளையை உடன் வைத்திருப்பது) என்ற மூன்று சொல்லில் நிற்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், பிள்ளை இங்கே பாட்டியிடம். பள்ளிக்கூட ரேங்க் கார்டில் ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்ற இடத்தில் பாட்டி கைநாட்டு வைக்கிறார். அதனால் தானே கார்டியன் என்று நம்புகிறார். நாளைக்குப் பேரன் பெயரில் இருக்கும் இடத்தை விற்க அதே கைநாட்டை வைத்தால் செல்லாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டம், 11-ஆம் பிரிவு: வளர்த்து வருகிறார் என்பதற்காக மட்டும் ஒருவர் மைனரின் சொத்தைக் கையாள முடியாது. பெற்ற தகப்பனே விற்பதானாலும் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். வளர்ப்பவர் வேறு, கார்டியன் வேறு என்பது சொல்லைக் கேட்டதுமே தெரிய வேண்டும்.

அனுப்புபவர்: கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புத் தங்கைக்கு,

‘பாதுகாவலர்’ வேண்டவே வேண்டாம். ஏடிஎம் வாசலில் நிற்பவரும் அவர்தான். ‘காவலர்’ போலீஸ் ஆகிவிட்டார். ‘காப்பாளர்’ விடுதியில் சோறு போடுகிறவர். ‘கா’ என்ற வேர் நல்ல வேர்தான். ஆனால் காப்புச் செய்யுள், கைக்காப்பு, காப்புரிமை என்று எல்லாரும் அதை எடுத்துத் தேய்த்துவிட்டார்கள்.

நம்மிடம் ‘கையடை’ இருக்கிறது. கம்பன் பாலகாண்டத்தில் தசரதன் மகனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே பெயர். ஏற்றுக்கொள்பவர் கையடையாளர், ஒப்படைக்கப்பட்டவர் கையடைப் பிள்ளை. கார்டியன், வார்டு இரண்டுக்கும் ஒரே வேர் கிடைத்துவிடுகிறது.

இன்னும் பின்னே போகலாம். பாரி மாண்டபின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு இருங்கோவேள் முன் நிற்கிறார் கபிலர். ‘இவர் யார்’ என்று அவன் கேட்பதற்கு முன்பே புறநானூறு 201-இல் அவர் சொல்லும் விடை: ‘தந்தை தோழன், இவர் என் மகளிர்.’ தகப்பனோடு எனக்கிருந்த உறவு இது, இவர்கள் எனக்கு யார் என்பது இது. 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம், 17-ஆம் பிரிவைப் பாருங்கள். மனு போட்டவரின் குணம், தகுதி, பிள்ளைக்கு அவர் எவ்வளவு நெருங்கிய உறவு, இறந்த பெற்றோரின் விருப்பம் என்ன என்று நீதிபதி ஆராய வேண்டும் என்கிறது. கபிலரிடம் கோர்ட் உத்தரவு இல்லை, அவ்வளவுதான். கரிகாலனைப் பற்றிய ‘தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி’ என்ற பொருநராற்றுப்படை அடியும் இங்கே பேச வேண்டியது. பிறக்கும் முன்பே உரிமை வந்துவிட்ட பிள்ளைக்கு யார் பொறுப்பு? அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

அனுப்புபவர்: குன்னூர், வழக்குரைஞர்

ஐயா, கபிலர் செய்தி அருமை. ஆனால் ‘கையடை’ என்றால் லயனில் கையடக்கம் என்பார்கள், இல்லாவிட்டால் கையூட்டு என்பார்கள். பத்திரத்தில் நாங்கள் தலைமுறையாக எழுதுவது ‘மைனருக்காக அவருடைய தகப்பனாரும் கார்டியனுமான’ என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிகிறது. ‘கார்டியன்’ இருக்கட்டும்.

தங்கச்சி, உன் வரைவில் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. இயற்கைக் கார்டியன், அதாவது நீதிமன்றம் நியமிக்காமலே கார்டியன் ஆகிறவர், ‘தகப்பனார், அவருக்குப் பின் தாயார்’ என்று எழுதியிருக்கிறாய். படிக்கிற பெண், புருஷன் செத்தால்தான் தனக்கு உரிமை என்று நினைப்பாள். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ‘பின்’ என்பதை ‘இல்லாத நிலையில்’ என்று படித்தது. தகப்பன் உயிரோடிருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தாயே கார்டியன். குடித்துவிட்டு எங்கோ கிடக்கிற ஆளின் கையெழுத்துக்காக அலையும் பெண்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த வரியை மாற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

அனுப்புபவர்: கூடலூர், பழங்குடிப் பள்ளி ஆசிரியர்

இங்கே கார்டியன் என்பதற்கு மலையாளம் பேசும் வீடுகளில் ரக்ஷாகர்த்தாவு, கன்னடம் பேசும் வீடுகளில் போஷகரு. பெற்றவரையும் வளர்ப்பவரையும் அந்த ஒரே சொல் சுட்டும். தங்கை கேட்கிற வேறுபாடு அங்கே கிடைக்காது.

இன்னொன்று. 1956 சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது, அதன் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், தோடர் பிள்ளைகளுக்கு 1890 சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மனுவைப் பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் ஊருக்கான நீதிமன்றத்தில் போடலாம். பெற்றோர் திருப்பூரில் இருந்தாலும் பந்தலூர்ப் பிள்ளைக்கு நீலகிரியில் போடலாம். கையேட்டில் இது கட்டாயம் வரட்டும்.

அனுப்புபவர்: கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கையடை கடினம் என்றால் ‘அடைக்கலம்’? கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பது அடைக்கலக் காதை. இது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

அனுப்புபவர்: கொளப்பள்ளி, தோட்டத் தொழிலாளியின் மகள்

ஐயா, அது மட்டும் வேண்டாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. ‘அடைக்கலம் தேடி வந்தவர்கள்’ என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள் நாங்கள். தன் பேரனை அடைக்கலப் பிள்ளை என்று தாளில் பார்த்தால் என் பாட்டி அதைக் கையில் வாங்க மாட்டார்.

அனுப்புபவர்: ஊட்டி, சட்ட உதவித் தன்னார்வலர்

நன்றி. ‘அடைக்கலம்’ இல்லை. வெறும் ‘காப்பாளர்’ விடுதியை நினைவூட்டும் என்பதால் முன்னால் ‘சட்ட’ சேர்த்து ‘சட்டக் காப்பாளர்’ என்று போடுகிறேன். முதல் தடவை வருமிடத்தில் ‘கார்டியன்’ பக்கத்திலேயே இருக்கும். பாட்டி ‘வளர்ப்பவர்’. கஸ்டடிக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘பிள்ளையை உடன் வைத்திருக்கும் உரிமை’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன். தாயார் பற்றிய வரியை மாற்றிவிட்டேன், பழங்குடியினர் பகுதியையும் சேர்த்துவிட்டேன். வார்டுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. அப்படியே விட்டால் ஆஸ்பத்திரி வார்டும் நகராட்சி வார்டும் குறுக்கே வருகின்றன. இப்போதைக்கு ‘காப்பில் உள்ள பிள்ளை’.

அனுப்புபவர்: கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சரி, அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் ‘காப்பில் உள்ள பிள்ளை’ என்பது சொல்லல்ல, விளக்கம். மனுவில் பத்து இடத்தில் அதை எழுத எந்த குமாஸ்தாவும் சம்மதிக்க மாட்டார். ‘கையடைப் பிள்ளை’யை நான் கைவிடவில்லை. பொருநராற்றுப்படை மடல் இரவு வரும்.