கிராமத்துக் குடும்பங்களின் வேலை, வருமானக் கணக்கைச் சாதிவாரியாக எடுக்க வேண்டுமா?

செஞ்சிக்காரன்:
பீகார் அரசு 2023 நவம்பரில் சட்டமன்றத்தில் வைத்த கணக்கைப் படித்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்றிருந்தேன். மாதம் 6,000 ரூபாய்க்குள் காலம் தள்ளும் குடும்பங்கள் அங்கே மொத்தத்தில் 34 சதவீதம். பொதுப்பிரிவில் 25, பட்டியல் சாதிகளில் 43. இந்த அளவுக்கு யாரும் ஊகித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு சாதியாகப் பிரித்துப் போட்டதால்தான், ஒரே பட்டியலுக்குள் துசாத் 39 சதவீதம், முசகர் 54 சதவீதத்துக்கும் மேல் என்று தெரிந்தது. முசகர்கள் நிலமில்லாத கூலிகள், எலி பிடித்துத் தின்கிறவர்கள் என்று ஊரே ஒதுக்கிவைத்த மக்கள். மொத்தச் சராசரிக்குள் அவர்கள் காணாமலே போயிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் நம் கையில் என்ன இருக்கிறது? வீடு வீடாகப் போய் எடுத்தது என்றால் 1980களின் அம்பாசங்கர் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையக் கணக்கு. வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் ரத்து செய்தபோது, இவ்வளவு பழைய கணக்கை வைத்து முடிவெடுத்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எந்தச் சாதியில் எத்தனை குடும்பத்துக்கு என்ன வேலை, எவ்வளவு வரும்படி என்று ஊர் வாரியாக எடுத்தே ஆக வேண்டும் என்பது என் வாதம்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு உடன்பாடில்லை தோழர். நீங்கள் காட்டிய அதே பீகார் கணக்கில் பொதுப்பிரிவில் வரும் பூமிகார் சாதியில் 27 சதவீதம் ஏழைகள். எங்கள் தெருவில் தறி நின்றுபோய் வாட்ச்மேன் வேலைக்குப் போகிற முதலியார் வீடுகள் இருக்கின்றன. நிலம், வீடு, வேலை கிடைத்த நாள் இதையெல்லாம் எடுங்கள், குறைவாக இருப்பவருக்குக் கொடுங்கள். சாதி எதற்கு?

சாதியை அரசுக் கணக்கில் பிரித்தால் என்ன ஆகும் என்று 2021இல் பார்த்தோமே. நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னார்கள். ஒரே ஏரியில் ஒன்றாக மண் அள்ளியவர்களில் ஒருவருக்குப் பணம் ஏறிவிட்டது, பக்கத்தில் நின்றவருக்கு வாரக்கணக்கில் வரவில்லை. அரசு செய்த குளறுபடிக்கு ஊருக்குள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள்.

செஞ்சிக்காரன்:
அது கூலியைப் பிரித்துக் கொடுத்ததில் வந்த வினை. கணக்கெடுப்பதும் அதுவும் ஒன்றாகாது. ஏழைக்கு ஏழை சமம் என்பதும் கிராமத்தில் எடுபடாது. மாதம் ஆறாயிரம் வரும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சொந்தக்காரர் நிலம் வாரக்குத்தகைக்குக் கிடைக்கும், ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இருக்கும், டவுனில் தங்கிப் படிக்க மாமா வீடு இருக்கும். இன்னொருவருக்குக் காலனிக்கு வெளியே கால் வைத்தால் ஒரு சென்ட் கிடையாது. நாட்டிலுள்ள சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்குள் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பே சொல்கிறது. வருமானத்தை மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் எங்கே பதிவாகும்?

தேன்மொழி_க:
நான் மகளிர் குழுவில் இருக்கிறேன், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் "வருமானம்" என்று சுலபமாக எழுதுகிறீர்கள். திண்டிவனம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் ஓர் அக்காவிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். "மாசம்னு எங்களுக்கு ஏதும்மா இருக்கு? தையில சூளைக்குப் போறப்ப முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கினோம், ஆடியில திரும்பி வந்தப்போ பன்னெண்டாயிரம் இன்னும் பாக்கின்னுட்டாங்க" என்றார். ஆறு மாதம் புருஷன், பெண்டாட்டி, வயசுக்கு வந்த பையன் மூன்று பேரும் சூளையில் செங்கல் அறுத்திருக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் வாரா வாரம் செலவுக்குக் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதிக்கடன். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த முப்பதாயிரம் வருமானமா, கடனா? மேலதிகாரிகளைக் கேட்டால் ஐயாயிரம் என்று போட்டுவிடு என்றார்கள்.

வசதியான வீட்டுக் கதை வேறு. நாலு ஏக்கர் நஞ்சை இருக்கும், வாசலில் டிராக்டர் நிற்கும், "கூலி வேலைதாங்க, மாசம் நாலாயிரம்" என்பார்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் என்று வரம்பு வைத்த பிறகு வருமானம் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாரும் குறைத்துத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தப் பயம் இருக்கும்.

கொங்குக்காடு:
அக்கா சொல்வதோடு இதையும் சேருங்கள். எனக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை, கிணறு வற்றி ஐந்தாறு வருஷம் ஆகிறது. காகிதத்தில் நான் நிலக்காரன். மத்திய அரசு 2019இல் எடுத்த விவசாயக் குடும்பக் கணக்கிலேயே மாத வருமானச் சராசரி 10,218 ரூபாய், அதில் பயிரில் வருவது 3,798, கூலியிலும் சம்பளத்திலும் வருவது 4,063. அதாவது விவசாயி என்று பெயர் வைத்துக்கொண்டு கூலிக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். சாதிவாரியாக வரைபடம் போட்டால் எங்கள் சாதிக்கு வசதியானது என்று ஒரு நிறம் அடித்துவிடுவீர்கள், அதற்குள் நான் காணாமல் போவேன். எங்கள் ஊர் அருந்ததியர் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குகிறார்கள், என்னைவிட அதிகம். இதையும் எழுத வேண்டுமா இல்லையா?

செஞ்சிக்காரன்:
கண்டிப்பாக எழுத வேண்டும் அண்ணே, அதற்குத்தான் கணக்கே. சாதிக்கு ஒரு சராசரி மட்டும் போட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், அதை நானும் எதிர்க்கிறேன். ஒவ்வொரு சாதிக்குள்ளும் கடைசிக் கால்வாசிக் குடும்பம் எப்படி இருக்கிறது என்று போடட்டும், உங்கள் வற்றிய கிணறும் தெரியும். அந்தப் பையன்களுக்கும் ஆர்டர் இல்லாத மாதங்களில் என்ன வேலை, வீட்டுமனைப் பட்டா இருக்கிறதா, ஊருக்குத் திரும்பினால் யாருடைய காட்டில் கூலி என்பது சேர்ந்தே வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சாதியைக் கேட்கப்போவதாக மத்திய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தாயிற்று. அப்புறம் இன்னொன்று எதற்கு?

தேன்மொழி_க:
அதில் வருமானக் கேள்வியே கிடையாதே சார். வேலை பற்றிக் கேட்பார்கள். இதுவரை வந்த முறைப்படி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் குறுந்தொழிலாளி. தொழில் என்று பார்த்தால் விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில், மற்றவை, அவ்வளவுதான். சூளையும் கரும்பு வெட்டும் நூறு நாள் வேலையும் சேர்த்து வருஷத்தை ஓட்டுகிற குடும்பத்தை இதில் எங்கே வைப்பீர்கள்? ஆள் எண்ணும் வேலை நடக்கப்போவது பிப்ரவரியில். அப்போது சூளைக்காரக் குடும்பங்கள் ஊரிலேயே இருக்காது. சூளையில் வைத்து எண்ணினாலும் அவர்கள் எந்த ஊர், ஊரில் என்ன இருக்கிறது என்பது வராது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். நூறு நாள் வேலையில் நம் மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் பெண்களாகவே இருந்தார்கள். ஆனால் குடும்பத் தொழில் என்ன என்று கேட்டால் வீட்டுக்காரர் தொழிலைத்தான் சொல்வார்கள். களை எடுக்கிற, நடவு நடுகிற கூலியெல்லாம் அந்த ஒரு வரிக்குள் மறைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான பேச்சு. அப்படியானால் வருமானக் கேள்வியையே தூக்கிவிடலாம் என்பேன். 1960களில் தேசிய மாதிரி ஆய்வில் கேட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள், ஜனங்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்ததை விடக் குறைவாக வந்தது. 2011இல் கிராமங்களில் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கில் அதிகம் சம்பாதிப்பவரின் வருமானத்துக்கு மூன்றே கட்டம், அதில் ஐயாயிரத்துக்குக் கீழே 74.5 சதவீதம் விழுந்தது. முக்கால்வாசிப் பேரை ஒரே கட்டத்தில் அடைத்த பிறகு அதில் யாருக்கு என்ன கொடுப்பது? முன்பணம் எவ்வளவு, யாரிடம், போன பன்னிரண்டு மாதத்தில் எந்த மாதம் என்ன வேலை, நிலம் யார் பேரில். இவ்வளவு கேட்டால் போதும், பொய் சொல்வதும் கஷ்டம். சாதிக் கேள்விக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே எடுத்தாலும் ஊர் அளவில் வெளியிடக் கூடாது. ஓர் ஊரில் ஐந்தே ஐந்து இருளர் வீடு இருந்தால் யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று முதலாளி வரைக்கும் தெரிந்துவிடும். ஊராட்சி ஒன்றிய அளவில் போடுங்கள்.

செஞ்சிக்காரன்:
மாதவாரி வேலை, முன்பணம் இரண்டையும் முழுசாக ஏற்கிறேன். ஆனால் 2011இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாதி விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியிடவே இல்லை. ஒன்றிய அளவில் மட்டும் போட்டால் ரோட்டோரத்து ஊரும் ஏரிக்கரைக் குடியிருப்பும் ஒன்றாகிவிடும்.

தேன்மொழி_க:
அட்வான்ஸ் விவரம் ஊர் அளவில் போகவே கூடாது, அதில் சார் பக்கம்தான் நான். பாக்கி எவ்வளவு என்று வெளியே தெரிந்தால் அடுத்த தையில் பேரம் பேச வாயே இருக்காது. நிலம், வீட்டுமனை, சாதிச் சான்று இருக்கிறதா என்பதை ஊர் அளவில் போட்டு கிராம சபையில் வாசிக்கலாம், விட்டுப்போன வீட்டை அங்கேயே சேர்க்கச் சொல்லலாம். எடுக்கிற மாதம் ஆவணி, புரட்டாசியாக இருக்கட்டும், அப்போதுதான் சூளைக்குப் போனவர்கள் ஊரில் இருப்பார்கள்.