புதுப்பிப்பு: ஆயில் மூடியில் பால்காப்பி நிற நுரை, காரணம் தெரிந்துவிட்டது

அம்மாவின் காரில் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை படிந்திருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஹெட் கேஸ்கெட் (கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னதையும் சேர்த்துத்தான்.

கேஸ்கெட் நன்றாகவே இருக்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் வேறொரு போர்மேன் அண்ணன் பொறுமையாகப் பார்த்தார். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் தெளிவு, கூலண்ட் குறையவில்லை. பிறகு ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த புகை கூலண்டில் கலந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறுமாம், மாறவே இல்லை.

அடைத்திருந்தது பிசிவி வால்வு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வு. அம்மா வீட்டிலிருந்து சந்தைக்கு மட்டும்தான் ஓட்டுகிறார். அந்தத் தூரத்தில் ஆயில் முழுதாகச் சூடேறாது, உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது. ஆவியாவதும் வெளியேற வழியில்லை. வால்வும் ஆயிலும் மாற்றியாயிற்று. இப்போது வாரம் ஒருமுறை பாலம் தாண்டி புக்கிட் மெர்த்தாஜாம் வரை ஓட்டுகிறோம். மூடி சுத்தமாக இருக்கிறது.

டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்து கூலண்டும் குறைந்தால் கதை வேறு. அப்போது எஞ்சினை இயக்காதீர்கள், இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.