கேமராவுக்கு ஆடிய நாட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 1990களின் நடுவில் சென்னையில் குரூப் டான்ஸராக இருந்தேன். முதல் ஷூட்டிங், வடபழனியில் ஒரு ஃப்ளோர். நாலு நாள் ரிகர்சல் பார்த்து மனப்பாடமான பாட்டுதான். ஆனால் பாட்டை ஓடவிடும் நாக்ரா டேப் ரெக்கார்டரைத் தட்டியதும் பதறிப்போனேன். பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, பாடகியின் குரல் அணில் கத்துவதுபோலக் கேட்கிறது! பக்கத்தில் நின்ற அக்காதான் விளக்கினார். கேமரா நொடிக்கு 48 ஃபிரேம் எடுக்கிறது, தியேட்டரில் 24தான் ஓடும். பாவாடை மெதுவாகச் சுழல வேண்டும், ஆனால் ஹீரோயின் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும். அதனால் எட்டு எண்ணுகிற நேரத்தில் நாங்கள் பதினாறு எண்ணி ஆடினோம். மூச்சு வாங்கியது. படம் வந்ததும் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் மிதப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தேன். அழுகையே வந்துவிட்டது.

---

அக்கா, நான் பரதம் ஆடுகிறவள். ஐந்து வருடம் முன்பு ஒரு வர்ணத்தை, அதாவது கச்சேரியின் நீளமான முக்கிய உருப்படியை, வீடியோவாக எடுத்தோம். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். எடிட் செய்து வந்ததில், பாவம் காட்டுகிற அபிநயம் முழுக்க முகம் மட்டும் குளோசப். கண் எங்கோ போகிறது, அங்கே கையைக் காணோம். தாளத்துக்குக் கால் தட்டி ஆடுகிற ஜதியில் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. முழங்காலை மடக்கி நிற்கிற அரைமண்டியே இல்லாமல் என்ன பரதம்? மனது விட்டுப்போனது.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். மேடையில் முன்பக்கம் அகலம். லென்ஸுக்கு அது தலைகீழ்: கேமரா பக்கத்தில் இடம் குறுகல், தள்ளிப் போகப் போக விரியும். மேடையில் பக்கவாட்டில் போன நடையை அப்படியே ஆடினால் இரண்டே அடியில் ஃபிரேமை விட்டு வெளியே போய்விடுவோம். அடுத்த முறை தரையில் டேப் ஒட்டி லென்ஸில் விழுகிற அந்த முக்கோண இடத்தைக் குறித்துக்கொண்டேன். பக்கவாட்டு நடையை எல்லாம் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வருவதாக மாற்றினேன். ஜதிகளைக் கால் தெரிய, வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்கச் சொன்னேன். ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர் 1930களிலேயே இதற்குத்தான் பிடிவாதம் பிடித்தார், தலை முதல் கால் வரை ஃபிரேமில் இருக்க வேண்டும் என்று. முகத்தை மட்டும் காட்டுகிற இடங்களில் கையைக் கன்னத்தருகே கொண்டுவந்தேன். குருவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

---

தங்கச்சி, நீ முக்கோணம் என்றதும் எங்கள் டான்ஸ் மாஸ்டர் ஞாபகம் வந்தது. ஸ்டெப் சொல்வதற்கு முன்னால் கேமராமேனிடம் என்ன லென்ஸ் என்று கேட்பார். 50 மி.மீ. என்றால் குறைவான இடம்தான் தெரியும், ஹீரோயினுக்குப் பின்னால் நாலு பேர்; 24 மி.மீ. என்றால் அகலமாகத் தெரியும், எல்லோரும். ஒருநாள் ஓரத்தில் நின்ற நான் ஃபிரேமில் இல்லை என்று தெரிந்து சும்மா கை வீசினேன். மியூசிக்கை நிறுத்திவிட்டார். "கேமரா இருக்கிற டிராலி பின்னால் வரும்போது நீதாம்மா முதலில் உள்ளே வருவே. வரும்போதே ஆடிக்கிட்டு வரணும்" என்றார். அந்த டேக்கில் முதல் பீட்டிலிருந்தே முழுசாக ஆடினேன்.