உதவி: பழைய கவுனை டாப் ஆக்குகிறேன், தையல் விட்டு விட்டு விழுகிறது

நூல்கண்டு: அவசரம், நாளைக்குப் போட வேண்டும். நீளமான பழைய கவுனைக் குட்டையாக வெட்டி டாப் ஆக்குகிறேன். வெட்டியதெல்லாம் சரியாக வந்துவிட்டது. பக்கத்தைப் பிடித்துத் தைத்தால் நாலு தையல் விழுகிறது, அப்புறம் ஒரு விரல் நீளத்துக்கு நூல் சும்மா படுத்துக் கிடக்கிறது. அடி மடித்த இடம் வேறு அலை அலையாக நிற்கிறது. மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. என்ன செய்வது?

குட்டிக்கத்தரி: என்ன துணி? என்ன ஊசி? என்ன மெஷின்?

பாபின்பித்தன்: சந்தேகமே வேண்டாம், அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு, அதாவது பாபின் கேஸ்தான். அதை வெளியே எடுத்து நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாக இறங்கக் கூடாது, லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் திருகைத் துளி தளர்த்துங்கள்.

பழையகை: பாபின் இறுகினால் மேல்நூல் அடியில் இழுபடும், தையல் விடாது. தையல் விடுகிறதென்றால், அடியில் சுற்றும் கொக்கி ஊசி நூலின் வளையத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடிப்படைப் பாடம் இது. இதே கேள்விக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

குட்டிக்கத்தரி: தேடினால் பாபின்பித்தன் பதில்தான் முதலில் வருகிறது ஐயா.

நூல்கண்டு: சாதாரணத் துணிதான், இழுத்தால் நீளும். ஊசி மெஷினில் ஏற்கெனவே இருந்தது.

குட்டிக்கத்தரி: இழுத்தால் நீளுமா! அது பனியன் துணி சகோ, முதலிலேயே சொல்ல வேண்டாமா? கூர்முனை ஊசி அதற்கு ஆகாது. துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும், வளையம் உருவாகாது, கொக்கி வெறுமனே சுற்றும். துணியின் பின்னல் கண்ணி அறுந்து ஓட்டையும் விழும். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி போடுங்கள். மெல்லிய பனியனுக்கு 75/11 எண் ஊசி, கனமானதற்கு 90/14. நூல் பாலியஸ்டர். வளைந்து வளைந்து விழும் ஜிக்ஜாக் தையலில் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வையுங்கள், டாப்பைப் போடும்போது நூல் அறாது.

நூல்கண்டு: ஜிக்ஜாக் இல்லை. கால் மெஷின், நேர்த்தையல் மட்டும்.

குட்டிக்கத்தரி: இதையும் இப்போதுதான் சொல்கிறீர்கள். சரி, பழைய ஊசியைக் கழற்றிப் பாருங்கள். தண்டு ஒரு பக்கம் தட்டையா, முழு உருண்டையா? அதே வகையில்தான் புதிதும் வேண்டும்.

இழைபிரி: பக்கத் தையலைப் பிரித்தீர்களா, அப்படியே வெட்டி எறிந்தீர்களா? பிரித்தால் உள்ளே மடங்கிய துணியும் கிடைக்கும். ஓரம் பிரியாமல் பல நூலில் போடும் ஓவர்லாக் தையலில் ஊசி நூலை மட்டும் உருவினால் போதும், மற்றவை தானாகக் கழன்று வரும்.

பழையகை: பழைய பனியன் துணியைப் பிரிப்பது வீண் வேலை. வெளியே வெளுத்திருக்கும், உள்ளே மடங்கியது பழைய நிறத்திலேயே இருக்கும். பிரித்துத் தைத்தால் பக்கவாட்டில் ஒரு கருங்கோடு ஓடும். ஊசி ஓட்டைகளும் மறையாது.

இழைபிரி: பருத்தியில் ஓட்டை ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும். எறிவதற்கு முன் பிரித்துப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

பழையகை: கண்ணி அறுந்த ஓட்டை எத்தனை துவைத்தாலும் மூடாது. ஊசிமுனையால் கண்ணி விலகிய இடம்தான் மூடும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசக் கூடாது.

இழைபிரி: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

மடிப்புக்காரி: கேள்வி கேட்டவரை விட்டுவிட்டீர்கள். நூல்கண்டு, நேர்த்தையலிலும் சமாளிக்கலாம். பக்கத் தையலில் முன்னும் பின்னும் துணியைத் துளி இழுத்துப் பிடித்துத் தையுங்கள், அதிகம் இழுத்தால் அங்கேயும் அலை வரும். அடி அலையடிப்பதற்குக் காரணம் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தம், மேலே இருக்கும் திருகைத் தளர்த்துங்கள். துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். வந்த அலை இஸ்திரிப் பெட்டி ஆவியில் பாதி அடங்கும், தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். தோள் தையலில் நாடா ஒன்று சேர்த்துத் தைத்தால் பிறகு தொங்காது.

நூல்கண்டு: ஊசி மாற்றினேன், தையல் விடாமல் விழுகிறது. அடியை மடிக்காமல் விட்டுவிட்டேன், தானே சுருண்டு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றி.

குட்டிக்கத்தரி: எந்த ஊசி? எந்த எண்? அடுத்து வருகிறவர்களுக்கு உதவுமே.

மடிப்புக்காரி: போய்விட்டார்.

பாபின்பித்தன்: பாபின் திருகையும் தளர்த்தியிருப்பார், சொல்லவில்லை.